மருத்துவரை நாடும் நாள்

ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கும் வேளையில் டில்லி மாநகரில் இருமல் ஒலி கேளாத வீடு இராது. பஸ்ஸில் இருமுகிறார்கள், மெட்ரோ ரயிலில் இருமுகிறார்கள், நம் சங்கக் கூட்டங்களில் சொற்பொழிவாளர் மூச்சு வாங்க நிறுத்தும் இடங்களையெல்லாம் சபையோரின் இருமல் நிரப்பிவிடுகிறது. கேட்டால், "புகை, ஸார், புகை!" என்பதே விடை. பனிக்காலத் தொடக்கத்தில் தலைநகரின் காற்று எவ்வளவு கெட்டுக் கிடக்கிறது என்பதை உலகமே அறியுமாதலால் அந்த விடையில் பிழை காண இயலாது. ஆயினும் அந்த ஒரே விடைக்குள் ஆஸ்துமாவும் ஒளிந்திருக்கலாம், காசநோயும் ஒளிந்திருக்கலாம்.

இவ்வாறு மூன்று வாரம், நான்கு வாரம் இருமிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று ஒரு புதன்கிழமை காலையில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு மருத்துவரிடம் புறப்படுகிறார். ஏன் அந்தப் புதன்கிழமை? அதற்கு முந்திய புதன்கிழமை ஏன் புறப்படவில்லை? இருமல் அன்று மிகுந்துவிட்டதா என்று வினவினால், "அதெல்லாம் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் மைத்துனியின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறோம். பந்தலில் இருமிக்கொண்டு நிற்க முடியுமா?" என்பார். நோய் அனுப்பாத மனிதரைக் கல்யாணம் அனுப்பி வைத்தது! இது வேடிக்கைப் பேச்சாகத் தோன்றலாம். ஆனால் மக்கள் எப்போது, எதனால் மருத்துவரை நாடுகிறார்கள் என்பதைப் பொறுமையுடன் ஆராய்ந்தவர்கள் கண்டதும் ஏறக்குறைய இதுவே. ஊரையும் உறவையும் விட்டு நெடுந்தூரம் வந்து குடியேறிய நமக்கு இச்செய்தியில் தனிப்பட்ட அக்கறை உண்டாதலின், சற்று விரித்து எழுதத் துணிந்தோம்.

1961-ஆம் ஆண்டில் கெர் ஒயிட் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய தோழர் இருவரும் ஒரு கணக்கை வெளியிட்டனர். வயது வந்தோர் 1,000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாத காலத்தில் அவர்களுள் 750 பேருக்கு ஏதேனும் ஒரு நோயோ காயமோ நேர்கிறது. மருத்துவரைக் கண்டு வருவோர் 250 பேர். மருத்துவமனையில் படுக்கை பெறுவோர் 9 பேர். பல்கலைக் கழகத்தைச் சார்ந்த பெரிய மருத்துவமனை வரை செல்கிறவர் ஒரே ஒருவர். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கிடைத்த விவரங்களைக் கொண்டு போட்ட கணக்கு இது. எண்கள் நம் நாட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் சொல்ல மாட்டோம். எனினும் அதன் வடிவம் எந்த நாட்டுக்கும் பொருந்தும். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் அந்த ஒரே ஒருவரைப் பார்த்தே பாடம் படிக்கிறார்கள் என்பது ஒயிட் அவர்களின் குறை. நமக்கு வியப்பளிப்பது நடுவில் நிற்கும் 500 பேர். உடம்பு சரியில்லை என்று தாமே உணர்ந்தும் மருத்துவரிடம் போகாதவர்கள் அவர்கள்.

அந்த 500 பேரும் அறிவிலிகள் என்று எவரும் கருத வேண்டா. சளியும் சுளுக்கும் அஜீரணமும் பெரும்பாலும் தாமாகவே வந்து தாமாகவே போகும். தும்மியவர் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் ஆஸ்பத்திரி தாங்குமா? தொல்லை எங்கே என்றால், 250-இல் இருக்க வேண்டிய சிலர் 500-இல் தங்கிவிடுகிறார்கள். அவர்கள் யார் என்பதை அவர்களுடைய வலியின் அளவைக் கொண்டு கண்டுபிடிக்க முடிவதில்லை.

இதனை அழகாக விளக்கியவர் இர்விங் ஜோலா என்ற அமெரிக்க சமூகவியலறிஞர். இளமையிலேயே இளம்பிள்ளை வாதத்துக்கு ஆளானவர்; ஆதலின் நோயாளியின் நிலையை ஏட்டில் மட்டும் கற்றவர் அல்லர். பாஸ்டன் நகரில் புறநோயாளராக வந்தவர்களை அவர் விசாரித்தார். அவர்களிற் பலர் தங்கள் தொல்லையை நெடுநாள் பொறுத்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களை மருத்துவர் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது என்ன என்பதற்கு அவர் 1973-இல் எழுதிய கட்டுரையில் ஐந்து வகையான விடைகளைக் கூறினார்.

அவற்றை நம் வீட்டு வழக்கில் வைத்துப் பார்ப்போம். குடும்பத்தில் ஏதோ ஒரு குழப்பம் மூள்கிறது. உடன்பிறந்தான் ஒருவன் நெஞ்சு வலியால் மாண்டான் என்ற தந்தி போன்ற செய்தி வருகிறது. உடனே தம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கிறார் ஒருவர். மற்றொருவருக்கு நோய், பிறரோடு பழகுவதற்குத் தடையாகிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னிலையில் கையில் படையோடு உட்காரப் பெண்ணுக்கு மனமில்லை. மூன்றாமவரை வேறொருவர் வற்புறுத்துகிறார், "நான் வருவதாகவே இல்லை, டாக்டர், இவள்தான் இழுத்துக்கொண்டு வந்தாள்" என்று மருத்துவரிடம் சொல்லும் கணவன்மார் நம்மிடையே எத்தனை பேர்! அவர்கள் அதைப் பெருமையாகவே சொல்கிறார்கள் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். நான்காமவருக்குத் தொழில் கெடுகிறது. கோப்பில் எழுத்துத் தெரியவில்லை, மாடிப்படி ஏற முடியவில்லை. ஐந்தாமவர் தமக்குத் தாமே தவணை கொடுத்துக்கொள்கிறார். "வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம்", "அமாவாசை கழியட்டும்", "பையனுடைய பரீட்சை முடியட்டும்" என்பவை அந்தத் தவணைகள். இந்த ஐந்தாவது வகையில் நம்மவரை மிஞ்ச ஆள் இல்லை என்பது எம் எண்ணம்.

ஜோலா கண்ட இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. எந்தக் காரணம் யாரைத் தள்ளும் என்பது வளர்ந்த வழக்கத்தைப் பொறுத்தது. அந்நகரில் வாழ்ந்த ஐரிஷ் வழியினர் பெரும்பாலும் பிறர் சொல்லியே வந்தனர். தொழிலுக்கு இடையூறு என்றால் வந்தவர்கள் ஆங்கிலோ-சாக்ஸன் வழியினர். உறவிலும் பழக்கத்திலும் நோய் குறுக்கிட்டபோது வந்தவர்கள் இத்தாலிய வழியினர். மற்றொன்று இதைவிட முக்கியமானது. வந்த காரணத்தை மருத்துவர் பொருட்படுத்தாமல் விட்ட நோயாளிகளே பாதியில் சிகிச்சையைக் கைவிடுவது அதிகமாயிருந்ததாம். கல்யாணத்துக்குள் குணமாக வேண்டும் என்று வந்தவரிடம் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் மருந்துச் சீட்டை மட்டும் நீட்டினால், அவர் கல்யாணம் முடிந்ததும் மருந்தையும் முடித்துவிடுகிறார்.

ஆகவே நோயாளி மருத்துவரிடம் செல்வது அவர் ஒருவருடைய முடிவு அன்று. அவரைச் சுற்றி இருப்பவர்களும் சேர்ந்து செய்யும் முடிவு. இந்த இடத்தில்தான் நம் நிலை ஊரில் இருப்பவர் நிலையினின்றும் வேறுபடுகிறது.

ஊரிலே ஒருவன் முகம் சற்று வாடினால் போதும். திண்ணையில் இருக்கும் பாட்டி கேட்பாள், தண்ணீர் எடுக்க வந்த அத்தை கேட்பாள், எதிர்வீட்டுக்காரர் கேட்பார், நாவிதர் கூடக் கேட்பார். கேட்டவர் ஒவ்வொருவரும் ஒரு மருந்து சொல்வர். சுக்கும் மிளகும் திப்பிலியும் ஓமத் தண்ணீரும் இவ்வாறு வீட்டுக்கு வீடு நடந்தன. இந்தப் பேச்சையே ஒரு வகை மருத்துவ அமைப்பு என்று எலியட் பிரெய்ட்சன் என்ற மற்றோர் அமெரிக்க அறிஞர் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதினார். நோயாளி முதலில் போவது உற்றாரிடம்; அவர்கள் கைவிரித்த பின்னரே மருத்துவரிடம் என்பது அவர் கருத்து. நம் பாட்டிமார் அவருடைய நூலைப் படிக்காமலே அதை நடத்தி வந்தார்கள்.

பாட்டி வைத்தியத்தைப் புகழ்ந்து பாடுவது எம் நோக்கம் அன்று. சில வேளைகளில் அப்பேச்சே காலத்தை விழுங்கியதுண்டு. மந்திரிப்பதிலும் கயிறு கட்டுவதிலும் நாள் கடந்து போய், குழந்தையை இழந்த வீடுகளும் உண்டு. ஆனால் நல்ல பாட்டிக்கு ஓர் அளவு தெரிந்திருந்தது. மூன்று வேளை கஷாயத்துக்கு அடங்காத காய்ச்சலைத் தன் கையில் வைத்துக்கொள்ள மாட்டாள். "இது என் கைக்கு மிஞ்சியது, வண்டியைக் கட்டு" என்று சொல்லும் அதிகாரமும் அவளுக்கு இருந்தது. மருந்தை நாம் மறக்கவில்லை. இன்றும் ஊரிலிருந்து வரும் மூட்டைகளில் சுக்குப் பொடியும் கண்டந்திப்பிலியும் வருகின்றன. வண்டியைக் கட்டச் சொல்லும் ஆள்தான் மூட்டையில் வருவதில்லை.

இங்கே நம்மிற் பலருடைய குடித்தனம் நான்காவது மாடியில் இரண்டு அறைகள். கணவன் வேலைக்கும் குழந்தைகள் பள்ளிக்கும் போனபின் வீட்டில் இருப்பவள் ஒருத்தி. அவளும் வேலைக்குப் போகிறவளாயின் வீட்டில் எவருமே இல்லை. அடுத்த வீட்டு அம்மாள் அன்புடையவள்தான். ஆயினும் படியில் கண்டு புன்னகை செய்யும் அளவில் நின்றுவிடுகிறது அறிமுகம். நாள்தோறும் பார்க்கிற கண்கள் மெலிவைக் கவனிப்பதில்லை என்பதும் ஒன்று. ஆறு மாதம் கழித்து ஊருக்குப் போகும்போது ரயிலடியில் நின்று, "ஏண்டா, பாதியாய்ப் போய்விட்டாயே!" என்று அலறுகிற தாய், டில்லியில் எவரும் காணாத நோயை ஒரு நொடியில் கண்டுவிடுகிறாள்.

தொலைபேசி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, இப்போது முகத்தையும் காட்டுகிறது. ஆனால் அதில் நாம் என்ன பேசுகிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். "அம்மா கவலைப்படுவாள்" என்று இங்கிருப்பவர் காய்ச்சலை மறைக்கிறார். "பிள்ளை அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு என்ன செய்வான்?" என்று அங்கிருப்பவள் தன் கால் வீக்கத்தை மறைக்கிறாள். இரு பக்கமும் "சௌக்கியம்" என்ற ஒரே சொல் ஒவ்வோர் இரவும் பரிமாறப்படுகிறது. அன்பினால் சொல்லப்படும் பொய் என்பதனால் இதைக் கடிந்துகொள்ளவும் மனம் வரவில்லை. எனினும், சொல்ல வேண்டியவர் இருந்தும் அவர் வாயை நாமே அடைத்துவிடுகிறோம் என்பது உண்மை.

மருந்து என்ற அதிகாரத்தின் இறுதியில் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார்: நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து அதனைக் கொடுப்பவன். தலைநகரில் முதல் மூன்றுக்கும் பஞ்சம் இல்லை. மத்திய அரசு ஊழியருக்கான மருத்துவத் திட்டம் 1954-ஆம் ஆண்டு முதன்முதலில் தொடங்கப்பட்டதே இந்த டில்லியில்தான். நாடெங்கும் இருந்து நோயாளிகள் தேடி வருகிற பெரிய மருத்துவமனைகள் நமக்குப் பஸ் தூரத்தில் இருக்கின்றன. குடியேறியவன் வீட்டில் குறைவது நான்காவது கூறு.

இன்னொரு தடை மொழி. இதைப் பற்றி நம்மவர் வெட்கத்தால் வெளியே பேசுவதில்லை. தமிழில் வலிக்கு எத்தனை பெயர் உண்டு என்று ஒரு நாழிகை எண்ணிப் பாருங்கள். தலை தெறிக்கிறது; காது குடைகிறது; பல் கூசுகிறது; கண் உறுத்துகிறது; தொண்டை கமறுகிறது; நெஞ்சு கரிக்கிறது; வயிறு பிசைகிறது; மூட்டு கடுக்கிறது; கால் உளைகிறது; உள்ளங்கை காந்துகிறது; விரல் மரத்துப் போகிறது; இடுப்பைப் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொன்றும் வெவ்வேறு, ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒரு குறிப்பு. நெஞ்சு கரிப்பதும் நெஞ்சை அழுத்துவதும் ஒன்றல்ல என்பதை நம் வீட்டுச் சிறு பெண்ணும் அறிவாள். இந்தியிலும் இத்தகைய சொற்கள் நிறைய உண்டு. ஆனால் காய்கறிக் கடையிலும் பஸ்ஸிலும் நாம் கற்ற இந்தியில் அவை வந்து சேரவில்லை. ஆகவே அத்தனை வேதனையையும் 'தர்த்' என்ற ஒரு சொல்லுக்குள் திணித்து மருத்துவர் முன் வைக்கிறோம். அவரும் தர்த்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புகிறார். இரண்டு முறை இப்படித் திரும்பினவர்களுக்கு மூன்றாம் முறை போக மனம் எழுவதில்லை. அல்லது, கரோல் பாக்கில் தமிழ் டாக்டர் ஒருவர் இருக்கிறாராமே, ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று மற்றொரு தவணை பிறக்கிறது.

பள்ளிக்கூடத்தில் இந்தி படித்த பிள்ளையைத் துணைக்கு அழைத்துப் போகும் தாய்மார் பலரை நாம் கண்டிருக்கிறோம். பன்னிரண்டு வயதுப் பையன் மருத்துவர் மேஜைக்கு முன் நின்று, "அம்மாவுக்கு வயிற்றில் தர்த்" என்று சொல்கிறான். மாதவிலக்கில் மிகுதியாகப் போகிறது என்பதையோ, மார்பில் கட்டி இருக்கிறது என்பதையோ அவன் வாய் வழியாகத் தாய் எவ்வாறு சொல்வாள்? சொல்ல மாட்டாள். வயிற்று வலி மாத்திரையோடு திரும்புவாள். கணவனிடம், "டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்" என்பாள். அதன்பின் அந்த வீட்டில் அந்த நோயைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. இந்தி நன்றாகப் பேசத் தெரிந்த நம் சகோதரி ஒருத்தி அன்று ஒரு மணி நேரம் உடன் போயிருந்தால் நடந்திருப்பது வேறு.

வீட்டு வேலை செய்தும் கட்டட வேலை செய்தும் பிழைக்கும் நம் மக்களுடைய நிலை இதனினும் கடினம். அரசினர் மருந்தகத்தின் காலை நேரமே அவர்களுக்கு வேலை நேரம். இலவச வைத்தியத்துக்கு அரை நாள் கூலி விலை. ஆகவே மாலையில் மருந்துக் கடைக்காரரிடம், "ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். கடைக்காரர் எத்தனை நாளாக என்று கேட்பதில்லை.

இனிச் சொல்ல வேண்டியது பயம். மருத்துவரிடம் போனால் என்ன சொல்வாரோ, அதன் பின்னர் என்ன நேருமோ என்ற அச்சத்தில் போகாதவர் எண்ணிக்கை சிறிதன்று. காசநோய் இதற்குச் சரியான சான்று. முற்காலத்தில் காசநோய் என்று பெயரிட்டுவிட்டால் குடும்பத்தை விட்டு ஆரோக்கிய நிலையத்தில் பல மாதம் கிடக்க வேண்டியிருந்தது. பிழைப்பு போகும், பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது. அப்படியிருக்க, இருமுகிறவன் எதற்காகப் போய்ப் பெயர் வாங்கிக்கொள்வான்? இந்நிலையை மாற்றியதில் நம் சென்னைக்கு உலகப் புகழ் உண்டு. 1956-இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையத்தார், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு ஆரோக்கிய நிலையத்திலும் மற்றொரு பகுதியினருக்கு அவரவர் வீட்டிலுமாக ஓராண்டு மருந்து கொடுத்து ஒப்பிட்டனர். நெருக்கமான எளிய வீடுகளில் இருந்துகொண்டே மருந்து உண்டவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள். அவர்களுடன் வாழ்ந்தவர்களுக்கு அதனால் நோய் அதிகமாகப் பற்றவும் இல்லை. 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையையே மாற்றியது. இன்று சாதாரணக் காசநோய்க்கு வீட்டிலிருந்தபடியே ஆறு மாத மருந்து. அரசாங்கம் அதை இலவசமாகவே வழங்குகிறது. எனினும் பெயரைப் பற்றிய பயம் மருந்தைப் போல விரைவில் மாறவில்லை.

இதே காலத்தில் பெங்களூர் தேசியக் காசநோய் நிலையத்திலிருந்து வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியைப் பற்றிப் பலர் அறியார். நம் நாட்டு ஏழை மக்களுக்கு நோயைப் பற்றிய உணர்ச்சியே இல்லை, அவர்களாக வைத்தியத்துக்கு வர மாட்டார்கள், நாம்தான் ஊர் ஊராகப் போய் எக்ஸ்-ரே பிடித்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அந்நாளில் பெரியவர்கள் பலர் நம்பினர். பிற்காலத்தில் நம் டில்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக் கழகத்துப் பேராசிரியராக விளங்கிய பானர்ஜி என்பவரும், அவருடன் பணியாற்றிய ஆண்டர்சன் என்பவரும் அந்த நம்பிக்கையை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களுக்குச் சென்று, கபத்தில் கிருமி காணப்பட்ட நோயாளிகளையே நேரில் விசாரித்தனர். 1963-இல் வெளியான அவர்களுடைய முடிவு பெரியவர்களைத் திகைக்கச் செய்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவில் தம் உடலில் தோன்றிய குறிகளை உணர்ந்தே இருந்தனர். நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் அதைப் பற்றிக் கவலையும் கொண்டிருந்தனர். பாதிப் பேர் ஏதோ ஒரு மருத்துவ நிலையத்துக்குப் போய் வந்தும் இருந்தனர்!

போனவர்களுக்கு என்ன கிடைத்தது? இருமலுக்கு ஒரு புட்டி மருந்து. கபத்தைச் சோதிக்க எவரும் முனையவில்லை. அவர்கள் புட்டியை வாங்கிக்கொண்டு வீடு திரும்பி, முன்போலவே இருமினார்கள். மக்கள் வரவில்லை என்று குறை கூறப்பட்ட இடத்தில் மக்கள் வந்து காத்திருந்து போயிருக்கிறார்கள். இந்த ஆராய்ச்சியைப் படிக்கும்போது நமக்கு உண்டாகும் மனத்தாங்கல் இன்னதென்று சொல்ல முடியவில்லை. இதன் பயனாகவே தேசியக் காசநோய்த் திட்டம் சாதாரண மருத்துவ நிலையங்களோடு இணைத்து வகுக்கப்பட்டது. இருமலோடு வருகிறவரின் கபத்தைச் சோதிப்பது அங்கே ஒரு கடமையாயிற்று. இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல் எதுவாயினும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது இன்றைய விதி. அந்த விதிக்கு டில்லிப் புகை விலக்கு அன்று. புட்டி மருந்தை மட்டும் கொடுத்தனுப்பும் மருத்துவரிடம், "கபத்தைச் சோதிக்க வேண்டாமா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இதுவரை கூறியவை வலியோ இருமலோ ஏதேனும் ஒன்று நம்மைத் தட்டி எழுப்பும் நோய்கள். எழுப்பாத நோய்கள் சில உண்டு. இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் ஒரு குறியும் காட்டாது. சர்க்கரை நோய் தொடக்கத்தில் வலிப்பதே இல்லை. மார்பில் தோன்றும் புற்றுநோய்க் கட்டியும் பெரும்பாலும் வலியற்றது. "வலிக்கவில்லையே, அப்புறம் பார்க்கலாம்" என்று நம் தாய்மார் அதை மறைத்து வைப்பதற்கு அதுவே காரணமாகிறது. ஜோலா கூறிய ஐந்து காரணங்களில் ஒன்றும் இவர்களைத் தள்ளாது. கல்யாணத்துக்கு இடையூறு இல்லை, அலுவலகத்துக்கு இடையூறு இல்லை, பிறர் கண்ணுக்கும் தெரிவதில்லை. குடும்பத் தலைவிக்கோ சமைக்க முடிகிற வரையில் நோய் என்பதே இல்லை என்று வீட்டார் எண்ணுகின்றனர், அவளும் எண்ணுகிறாள். வலியற்ற கட்டிக்குத் தவணை கொடுக்கலாகாது. முப்பது வயது கடந்தவர்கள் குறி ஏதும் இல்லாவிடினும் இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் சோதித்து வைத்துக்கொள்வது நலம்.

வேறு சில நோய்கள் பலத்த குரலில் எழுப்பியும் நாம் பெயர் மாற்றி அழைத்துத் தூங்க வைக்கிறோம். நெஞ்சின் நடுவே பாறாங்கல் வைத்தாற்போல அழுத்தம், இடத் தோளுக்கும் தாடைக்கும் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை. இவற்றுக்கு நம் வீடுகளில் இட்டிருக்கும் பெயர் 'வாயு'. பெருங்காயம் கரைத்துக் கொடுக்கிறார்கள். சோடா வாங்கி வரச் சொல்கிறார்கள். மாரடைப்பாக இருந்தால் சோடாவில் கழியும் ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை மடிகிற நிமிஷம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலியே இன்றி மூச்சுத் திணறலாகவும் அசதியாகவும் அது வருவதுண்டு. பக்கவாதமும் அத்தகையதே. வாய் கோணுதல், ஒரு கை துவளுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றைக் கண்டால் படுக்க வைத்து விசிறிக்கொண்டிருக்கலாகாது. இரத்தக் கட்டைக் கரைக்கும் மருந்து, தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கத் தக்கது; அதற்குள் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தும் ஆக வேண்டும். இந்த வேளைகளில் ஊருக்குத் தொலைபேசியில் யோசனை கேட்பது வேண்டா. அவசர உதவிக்கு 112 என்ற எண் நாடெங்கும் உண்டு.

மருத்துவர் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் "எத்தனை நாளாக?" என்பதே. நம்மவர் விடை பெரும்பாலும் "இரண்டு நாளாக" என்பது. உடன் வந்த மனைவி, "தீபாவளியிலிருந்தே இருக்கிறது" என்று இடைமறிப்பாள். உடன் எவரும் வராதபோது இரண்டு நாள் என்பதே சீட்டில் ஏறிவிடுகிறது. ஊரிலிருந்து வரவழைத்து நாம் மாட்டியிருக்கும் தினசரி நாட்காட்டியில் இதைக் குறித்துப் பயனில்லை. மறு நாள் அந்தத் தாளைக் கிழித்துவிடுகிறோம். சமையலறைக் கதவின் பின்னால் தொங்கும் மாத நாட்காட்டியில், பால் கணக்கு எழுதும் கட்டத்தின் ஓரத்தில், யாருக்கு எந்தத் தேதியில் இருமல் தொடங்கிற்று என்று பென்சிலால் இரண்டு எழுத்து எழுதி வைக்கலாம். பால்காரருக்குப் பணம் எண்ணிக் கொடுக்கும்போது அதுவும் கண்ணில் படும்.